தப்பித்த கதையும் தவறவிட்ட குரலும்

டீனா டர்னரைப் பற்றி எழுத உட்காருபவர்களில் பெரும்பாலோர் 36 சென்ட்டில்தான் தொடங்குகிறார்கள். 1976 ஜூலை, டல்லஸ் நகரம். விமான நிலையத்திலிருந்து ஓட்டலுக்குப் போகும் காரிலேயே கணவர் ஐக் டர்னர் அவரை அடிக்கிறார். அந்த முறை டீனா திருப்பி அடிக்கிறார். ஓட்டல் அறையில் ஐக் தூங்கிப்போனதும், ரத்தக்கறை படிந்த உடையோடு வெளியேறி, லாரிகள் பறக்கும் நெடுஞ்சாலையைக் குறுக்கே ஓடிக் கடந்து, எதிரே இருந்த இன்னொரு ஓட்டலின் வரவேற்பறையில் போய் நிற்கிறார். கையில் 36 சென்ட்டும் ஒரு பெட்ரோல் கார்டும்தான். ஓட்டல்காரர் அடையாளம் தெரிந்துகொண்டு அறை கொடுக்கிறார்.

இந்தக் காட்சி 1986-இல் புத்தகமானது, 1993-இல் சினிமாவானது, 2018-இல் லண்டன் மேடையில் இசைநாடகமானது, 2021-இல் ஆவணப்படத்திலும் வந்தது. 2023 மே 24 அன்று சுவிட்சர்லாந்தின் கூஸ்நாக்டில் 83 வயதில் அவர் இறந்தபோது வெளிவந்த இரங்கல் கட்டுரைகள் பலவற்றிலும் அதே 36 சென்ட் இருந்தது. ஐம்பது ஆண்டுகள் மேடையேறிய ஒரு ராக் பாடகியின் வாழ்க்கையில், பாட்டே இல்லாத ஓர் இரவுதான் எல்லோருக்கும் தெரிந்த இரவு.

அடிபட்டார், தப்பித்தார், வென்றார் என்று ஒரு பெண் கலைஞரின் வாழ்க்கையை மூன்று படிகளில் அடுக்கிச் சொல்லும் வழக்கம் பத்திரிகையிலும் சினிமாவிலும் வேரூன்றிவிட்டது. பாடகி பில்லி ஹாலிடேக்கும் இது நடந்தது, பாடகி ஜானிஸ் ஜோப்ளினுக்கு வெற்றிப்படி இல்லாமல் நடந்தது. ஆனால் இந்த வழக்கத்தை எடைபோட டீனாவின் வாழ்க்கையைவிடப் பொருத்தமான ஒன்று கிடைக்காது. இந்தக் கதையை முதலில் வெளியே சொன்னவர் அவரே. அதனால் பலன் பெற்றவரும் அவரே. பிறகு நாற்பது ஆண்டுகள் அதிலிருந்து வெளியே வர வழி தெரியாமல் தவித்தவரும் அவரே.

1939 நவம்பர் 26-இல் டென்னசி மாநிலத்தின் பிரவுன்ஸ்வில்லில் பிறந்தபோது அவர் பெயர் ஆனா மே புல்லக். வளர்ந்தது பக்கத்திலிருந்த நட்புஷ் என்ற பருத்திக்காட்டுக் குக்கிராமத்தில். அப்பா பண்ணையில் குத்தகைக் கூலிகளைக் கண்காணிக்கும் வேலை பார்த்தார். போர்க்கால வேலைக்காக அப்பாவும் அம்மாவும் நாக்ஸ்வில்லுக்குப் போனபோது, குழந்தை கண்டிப்பான தாத்தா பாட்டியிடம் விடப்பட்டாள். ஆனா மேக்குப் பதினோரு வயதானபோது அம்மா ஸெல்மா, கணவனை விட்டு, சொல்லாமல்கொள்ளாமல் செயின்ட் லூயிஸுக்குப் போய்விட்டார். சில ஆண்டுகளில் அப்பாவும் ஊரை விட்டார். பாட்டி இறந்த பிறகுதான், பதினாறு வயதில், அந்தப் பெண் அம்மாவிடம் போய்ச் சேர்ந்தாள். அம்மாவுக்குத் தன்னைப் பிடிக்கவில்லை என்பதைக் கடைசிவரை டீனா பல இடங்களில் சொன்னார். ஐக்கைச் சந்திப்பதற்கு முன்பே பட்ட இந்தக் காயம் எந்தச் சொல்முறையிலும் நாலைந்து பக்கத்துக்கு மேல் வருவதில்லை.

ஈஸ்ட் செயின்ட் லூயிஸில் மன்ஹாட்டன் கிளப் என்ற இடத்தில் ஐக் டர்னரின் ‘கிங்ஸ் ஆஃப் ரிதம்’ குழு வாசித்துக்கொண்டிருந்தது. அக்கா அலீனோடு அங்கே போய்வந்த ஆனா மே, ஒருநாள் இடைவேளையில் டிரம்ஸ் வாசிப்பவர் நீட்டிய மைக்கைப் பிடித்து பி.பி. கிங்கின் பாட்டு ஒன்றைப் பாடினார். ஐக் திரும்பிப் பார்த்தார். 1960-இல் ‘எ ஃபூல் இன் லவ்’ பதிவுக்கு வரவேண்டிய ஆண் பாடகர் வராததால், அவருக்குப் பதிலாகப் பாடினார் ஆனா மே. அந்த ஒலிப்பதிவைக் கேட்ட ‘சூ ரெக்கார்ட்ஸ்’ முதலாளி அந்தக் குரலைத்தான் வெளியிட வேண்டும் என்றார். அப்போது ஐக் செய்த காரியம், அவர் பிறகு செய்த எல்லாவற்றுக்கும் முன்னோட்டம்: பாடகிக்கு ‘டீனா டர்னர்’ என்று பெயர் சூட்டி, அந்தப் பெயரைத் தன் உரிமையாகப் பதிவு செய்துகொண்டார். இந்தப் பெண் போய்விட்டால் இன்னொரு பெண்ணை அதே பெயரில் மேடையேற்றலாம் என்பது கணக்கு. அந்த ஆண்டு மஞ்சள் காமாலையில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்த கர்ப்பிணியை அங்கிருந்து கிளப்பிக்கொண்டு போய்ப் பாடவைத்தார்.

1978 மார்ச்சில் விவாகரத்து முடிந்தபோது டீனா வீட்டைக் கேட்கவில்லை, ஸ்டூடியோவைக் கேட்கவில்லை. இரண்டு கார்களும், தானே எழுதிய பாட்டுகளின் உரிமைத்தொகையும், மேடைப்பெயரும்தான் அவர் கொண்டுபோனவை. அவர் வெளியேறியதால் ரத்தான கச்சேரிகளுக்கான கடன் அவர் தலையில் விழுந்தது. அந்தப் பெயரை மட்டும் விடாமல் பிடித்தது உணர்ச்சிவசப்பட்ட முடிவு என்று பலர் எழுதியிருக்கிறார்கள். பதினாறு வருட உழைப்பு முழுவதும் அந்தப் பெயரில்தான் சேமிப்பாக இருந்தது. ஆகவே அது தெளிவான தொழில் முடிவு.

மூன்று படிகளில் அடுக்கிச் சொல்லும் அந்த வழக்கத்தின் பலத்தை முதலில் சொல்லியாக வேண்டும். 1981 டிசம்பரில் ‘பீப்பிள்’ பத்திரிகைக்கு அளித்த பேட்டியில் டீனா தான் அடிபட்ட வாழ்க்கையை வெளிப்படையாகச் சொன்னார். அந்தக் காலத்தில் அமெரிக்காவில் வீட்டுக்குள் நடக்கும் அடியைப் போலீஸே குடும்ப விவகாரம் என்று ஒதுக்கிவிட்டுப் போவது சாதாரணம். பெண்களுக்கு எதிரான வன்முறை குறித்த கூட்டாட்சிச் சட்டம் அங்கே 1994-இல்தான் வந்தது. மேடையில் அத்தனை ஆற்றலோடு ஆடிய பெண், எந்த ஆணையும் எதிர்த்து நிற்கக்கூடியவர் என்று பார்த்தவர்கள் நினைத்த பெண், மேடைக்குப் பின்னால் வீங்கிய முகத்தை மேக்கப்பால் மறைத்துக்கொண்டிருந்தார் என்ற செய்திக்கு ஒரு விசை இருந்தது. பலவீனமான பெண்தான் அடிவாங்குவாள் என்ற எண்ணத்தை அது உடைத்தது. 1968-இல் ஒரு கச்சேரிக்கு முன்னால் தூக்க மாத்திரைகளை அள்ளி விழுங்கித் தற்கொலைக்கு முயன்றதையும் அவர் மறைக்கவில்லை. தன் மானத்தைப் பற்றிய பயத்தை ஒதுக்கிவைத்துவிட்டு ஒருவர் இப்படிப் பேசுவதற்குப் பெரிய துணிச்சல் வேண்டும். அதைக் குறைத்து மதிப்பிடும் எந்தத் திறனாய்வும் நேர்மையானதாக இருக்காது.

1986-இல் பத்திரிகையாளர் கர்ட் லோடரோடு சேர்ந்து எழுதிய ‘ஐ, டீனா’ இன்னும் ஒருபடி மேல். அந்தப் புத்தகத்தின் அமைப்பே கவனிக்கத்தக்கது. டீனாவின் குரல் மட்டும் அதில் இல்லை. கூடப் பாடியவர்கள், உடன் வேலை செய்தவர்கள், அக்கா, ஏன், ஐக் கூட அவரவர் பங்குக்குப் பேசுகிறார்கள். ஒரே சம்பவம் இரண்டு மூன்று வாயிலிருந்து வரும்போது வாசகருக்கு அதை எடைபோட இடம் கிடைக்கிறது. ஆனால் அந்தப் பேட்டியும் புத்தகமும் எதற்காக என்பதை டீனா பிற்காலத்தில் விளக்கினார்: ஒருமுறை எல்லாவற்றையும் சொல்லிவிட்டால் ஐக்கைப் பற்றிய கேள்வி அத்தோடு முடிந்துவிடும் என்பது அவர் எண்ணம். நடந்தது நேர்மாறு. அதற்குப் பிறகு எந்த ஊரில், எந்த ஆல்பத்துக்காகப் பேட்டி கொடுக்க உட்கார்ந்தாலும் இரண்டாவது கேள்வி ஐக்கைப் பற்றியதாகவே இருந்தது. 1993-இல் வெனிஸ் திரைப்பட விழாவில், தன் கதையைச் சொல்லும் படத்தின் பத்திரிகையாளர் சந்திப்பிலேயே, படத்தைத் தான் பார்க்கவில்லை, அந்த வன்முறையை மறுபடி பார்க்க விருப்பமும் இல்லை என்று சொன்னார். வரவழைத்து உட்காரவைத்த கூட்டத்தின் நடுவில் ஒரு பெண் இதைச் சொல்ல நேர்வது, இந்த வழக்கத்தின் முதல் பெரிய குறையைக் கண்ணெதிரே காட்டுகிறது. கேட்பவர்களுக்கு அது கதை. சொல்பவர் ஒவ்வொரு முறையும் அந்தக் காருக்குள் மறுபடி ஏற வேண்டியிருக்கிறது.

அந்தப் படத்தைச் சற்று நின்று பார்க்கலாம். பிரையன் கிப்சன் இயக்கிய ‘வாட்ஸ் லவ் காட் டு டூ வித் இட்’. ஆஞ்செலா பாசெட் டீனாவாகவும் லாரன்ஸ் ஃபிஷ்பர்ன் ஐக்காகவும் நடித்தார்கள். இருவருக்குமே ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. நடிப்பில் குறை சொல்ல இடமில்லை. பாசெட்டின் தோள்களும் தாடையும் மட்டுமே அந்த இருபது வருடங்களைச் சொல்லிவிடும். ஃபிஷ்பர்ன் அந்த வேடத்தைப் பல முறை மறுத்தவர். திரைக்கதையில் ஐக் ஏன் அப்படி ஆனார் என்பதற்கு இடமில்லை என்பது அவர் தரப்பு. படம் உண்மையிலிருந்து விலகுவதாகவும் தன்னை வெறும் பாதிக்கப்பட்டவராகக் காட்டுவதாகவும் டீனாவும் குறைபட்டார்.

ஆனால் ஆழமான கோளாறு வேறொன்று. அந்தப் படத்தில் டீனா பாடும்போதெல்லாம் பார்வையாளர் பாட்டைக் கேட்பதில்லை, அடுத்த அடி எப்போது விழும் என்று காத்திருக்கிறார். படத்தின் மிகக் கொடூரமான காட்சி ஸ்டூடியோவில் நடக்கிறது. பாடும் விதம் பிடிக்கவில்லை என்று ஐக் கத்துகிறார், அடிக்கிறார், அங்கேயே பாலியல் வன்கொடுமை செய்கிறார். அப்போது பதிவாகிக்கொண்டிருக்கும் பாட்டு எது என்று பார்த்தால் வேதனையாக இருக்கிறது. அது ‘நட்புஷ் சிட்டி லிமிட்ஸ்’.

1973-இல் வந்த அந்தப் பாட்டை எழுதியவர் டீனா. தன் ஊரைப் பற்றி எழுதியது. மாதா கோயில், பருத்தி அரைவை ஆலை, பள்ளிக்கூடம், 19-ஆம் எண் நெடுஞ்சாலை, வேகக்கட்டுப்பாடு, வாரம் முழுக்க எந்த நாளில் ஊர் என்ன செய்யும் என்கிற ஒழுங்கு எல்லாம் அதில் உண்டு. ஒரு சிறு ஊரின் கட்டுப்பாட்டையும் அதன் மேல் உள்ள பற்றையும் ஒரே தாளத்தில் அடைத்த பாட்டு. தனக்கென நகராட்சியே இல்லாத அந்தக் குக்கிராமத்துக்கு நகர எல்லை என்று தலைப்பு வைத்ததில் ஒரு பிள்ளைத்தனமான பெருமிதம் இருக்கிறது. டீனா என்ற மனுஷியின் வாழ்க்கையைப் பாட்டில் தேட விரும்புபவர்கள் முதலில் போகவேண்டிய இடம் இது. படமோ அவர் கையால் எழுதிய ஊரையே அவர் கணவரின் வெறிக்குக் களமாக்கிவிட்டது. பாட்டு எழுதியவர் என்ற அடையாளம் அந்தக் காட்சியில் கரைந்துபோகிறது. 2018-இல் கட்டோரி ஹால் எழுத்தில், ஃபிலிடா லாய்டு இயக்கத்தில் வந்த ‘டீனா’ இசைநாடகம் இதைச் சரிசெய்தது. அங்கே அந்தப் பாட்டு ஆரம்பத்திலேயே வருகிறது, ஊர் மாதா கோயிலில், சிறுமி ஆனா மேயின் வாயில். கட்டோரி ஹாலும் டென்னசிக்காரர் என்பது இதற்கு உதவியிருக்கும்.

இதே பாட்டுக்கு ஆஸ்திரேலியாவில் நடந்தது இந்த விவாதத்துக்கு எதிர்பாராத ஒரு சாட்சி. அங்கே பள்ளிக்கூட விழா, கல்யாணம், ஊர்த்திருவிழா எல்லாவற்றிலும் வரிசைகட்டி நின்று ஆடும் ஒரு நடனமாக அது வேர்விட்டிருக்கிறது. டீனா இறந்த சில வாரங்களில், 2023 ஜூலையில், குயின்ஸ்லாந்தின் பேர்ட்ஸ்வில் பாலைநிலத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஒன்றாக அதை ஆடினார்கள். அந்த ஆட்டத்தைப் பள்ளியில் கற்றுக்கொள்ளும் பிள்ளைகளுக்கு ஐக் யார் என்று தெரியாது. 36 சென்ட்டும் தெரியாது. பாட்டு தன் காலில் நிற்கிறது.

துன்பக்கதையின் வெளிச்சத்தில் எல்லாப் பாட்டையும் சுயசரிதையாகக் கேட்பது இந்த வழக்கத்தின் அடுத்த பிழை. 1984 செப்டம்பரில் அமெரிக்கப் பட்டியலில் மூன்று வாரம் முதலிடத்தில் நின்ற ‘வாட்ஸ் லவ் காட் டு டூ வித் இட்’ பாட்டைக் கேட்டவர்கள், அடிபட்ட மனைவியின் வாக்குமூலமாகவே அதைக் கொண்டார்கள். எழுதியவர்கள் டெர்ரி பிரிட்டன், கிரஹாம் லைல் என்ற இரண்டு ஆண்கள். அந்தப் பாட்டு டீனாவுக்கு முன்பே வேறு பாடகர்களிடம் போய்வந்தது. டீனாவுக்கும் முதலில் அது பிடிக்கவில்லை. தன் தொண்டைக்கு இது மென்மையாக இருக்கிறது என்று நினைத்தார். ‘பிரைவேட் டான்சர்’ பாட்டை எழுதியவர் டைர் ஸ்ட்ரெய்ட்ஸ் குழுவின் மார்க் நாஃப்ளர். இவை டீனாவின் வாழ்க்கைக் குறிப்புகள் அல்ல. பிறர் எழுத்துக்குத் தன் குரலால் உயிர் கொடுத்த ஒரு பாடகியின் கைத்திறன்.

அந்தக் கைத்திறனைத்தான் கூர்ந்து பேச வேண்டும். 1984 பாட்டில் அவர் கத்தவில்லை. கத்தத் தெரிந்தவர், அதற்காகவே பேர்பெற்றவர், அங்கே குரலைப் பிடித்து இழுத்து, நெஞ்சுக்குள்ளேயே வைத்துப் பாடுகிறார். கரகரப்பு ஓரங்களில் மட்டும் தெரிகிறது. இருபது வருடம் தினமும் உச்சத்தில் பாடிய தொண்டைக்கு அடங்கிப் பாடுவதுதான் கடினம். பதினெட்டு ஆண்டுகளுக்கு முன், 1966-இல், லாஸ் ஏஞ்சலிஸின் கோல்டு ஸ்டார் ஸ்டூடியோவில் தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டருக்காக ‘ரிவர் டீப் மவுண்டன் ஹை’ பாடியது இதற்கு நேர் எதிர். ஸ்பெக்டர் அந்தப் பதிவுக்கு ஐக் வரக்கூடாது என்று சொல்லிவிட்டார். ஆரம்ப வரியையே மறுபடி மறுபடி பாடச்சொன்னார். வியர்வையில் சட்டை ஊறிப்போக, அதைக் கழற்றிவைத்துவிட்டு, விளக்கைக் குறைக்கச் சொல்லிப் பாடியதாக டீனா சொன்னார். முழு வாத்தியக் கூட்டத்தின் பேரிரைச்சலுக்கு மேலே ஒற்றைக் குரல் ஏறி நிற்பதை அந்தப் பதிவில் இன்றும் கேட்கலாம். பிரிட்டனில் அது மூன்றாம் இடம் வரை போனது, அமெரிக்காவில் 88-ஐத் தாண்டவில்லை.

இன்னொன்று. ‘தி பெஸ்ட்’ பாட்டை முதலில் 1988-இல் பதிவு செய்தவர் பானி டைலர். அடுத்த ஆண்டு டீனாவிடம் வந்தபோது, பாட்டின் நடுவே புதிதாக ஒரு பகுதி வேண்டும், அதற்குப் பிறகு சுருதியை ஒரு படி ஏற்ற வேண்டும் என்று எழுதியவர்களில் ஒருவரான ஹாலி நைட்டிடம் கேட்டு வாங்கினார் டீனா. இன்று உலகம் முழுக்க விளையாட்டு மைதானங்களில் அந்தப் பாட்டு ஒலிக்கும்போது, கூட்டம் எழுந்து நிற்கும் இடம் அவர் கேட்டு வாங்கிய அந்த ஏற்றம்தான். டீனாவின் இசையறிவுக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஆனால் அவர் வாழ்க்கையைச் சொல்லும் படங்களில் இதற்கு ஒரு நிமிடம்கூட ஒதுக்கப்படவில்லை.

தப்பித்த கதைக்கு இன்னொரு இயல்பு உண்டு. அது காலத்தைச் சுருக்கும். 1976-இல் தப்பித்தார், 1984-இல் வென்றார் என்று இரண்டு காட்சிகளாக வெட்டி ஒட்டும்போது நடுவிலிருந்த எட்டு வருடம் மறைந்துபோகிறது. அந்த எட்டு வருடத்தில்தான் அவர் நான்கு பிள்ளைகளையும் கடனையும் சுமந்துகொண்டு, அரசு கொடுக்கும் உணவுக் கூப்பனில் சமைத்துக்கொண்டு, லாஸ் வேகாஸ் ஓட்டல்களிலும் தொலைக்காட்சி வினாடி வினாக்களிலும் தலைகாட்டிக்கொண்டு, சாப்பிட்டுக்கொண்டே பாட்டுக் கேட்கும் கூட்டத்துக்கு முன் பாடினார். ஆஸ்திரேலியரான ரோஜர் டேவிஸ் மேலாளராக வந்த பிறகு பழைய வாத்தியக்காரர்களையும் மின்னும் உடைகளையும் ஒதுக்கிவிட்டு, ராக் குழுவோடு மேடையேற ஆரம்பித்தார். ஸ்டேடியங்களை ரோலிங் ஸ்டோன்ஸ் நிரப்புவதுபோல் நானும் நிரப்ப வேண்டும் என்பதுதான் டேவிஸிடம் அவர் சொன்ன இலக்கு. நாற்பதை நெருங்கும், பழைய கணவரின் பெயரோடு ஒட்டிப்போன, கையில் ஒப்பந்தம் இல்லாத ஒரு கறுப்பினப் பெண்ணின் இலக்கு அது.

உதவி வந்தது லண்டனிலிருந்து. ஹெவன் 17 குழுவின் மார்ட்டின் வேர் முதலில் ‘பால் ஆஃப் கன்ஃப்யூஷன்’, பிறகு அல் கிரீனின் ‘லெட்ஸ் ஸ்டே டுகெதர்’ என்று இரண்டு பழைய பாட்டுகளை எலக்ட்ரானிக் இசையோடு அவரைப் பாடவைத்தார். 1983-இல் நியூயார்க்கின் ரிட்ஸ் அரங்கில் டீனா பாடிய இரவில், தன் இசை நிறுவனத்தாரிடம் எனக்குப் பிடித்த பாடகியைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லி அவர்களையும் அங்கே வரவைத்தவர் பாடகர் டேவிட் போவி. ‘பிரைவேட் டான்சர்’ ஆல்பம் லண்டனில் சில வாரங்களில் பதிவாகி, ஒரு கோடிக்கும் மேல் விற்றது. அதைத் தன் மறுவருகை என்று எல்லோரும் எழுதியதை டீனா ஏற்கவில்லை. டீனா என்பவள் அதற்கு முன் வந்ததே இல்லை, அதுதான் முதல் வருகை என்பது அவர் கருத்து. அதில் நியாயம் இருக்கிறது. துன்பத்தின் பரிசாக வெற்றி வந்தது என்று சொல்லும்போது, மேலாளர், தயாரிப்பாளர், ஒப்பந்தம், ஒத்திகை, தேர்ந்தெடுத்த பாட்டு, மாற்றிய தோற்றம் ஆகிய எல்லா உழைப்பும் அற்புதமாக மாறிவிடுகிறது. அற்புதத்தை மற்ற பெண்கள் பின்பற்ற முடியாது. உழைப்பையும் முடிவுகளையும் விளக்கிச் சொன்னால் ஓரளவு முடியும்.

நிறமும் இப்படித்தான் ஓரங்கட்டப்பட்டது. 1967 நவம்பரில் ‘ரோலிங் ஸ்டோன்’ பத்திரிகையின் இரண்டாம் இதழின் அட்டையில் இடம்பெற்றவர் டீனா. ஆனால் அமெரிக்க வானொலிக்கு அவரை எந்தப் பெட்டியில் போடுவது என்று தெரியவில்லை. ‘ரிவர் டீப்’ வெள்ளையர் நிலையங்களுக்குக் கறுப்பாகவும் கறுப்பர் நிலையங்களுக்கு வெள்ளையாகவும் ஒலித்தது என்பது பிற்பாடு சொல்லப்பட்ட காரணம். 1966-இலும் 1969-இலும் ரோலிங் ஸ்டோன்ஸோடு சுற்றுப்பயணம் போனவர், அந்தக் குழுவின் பாடகர் மிக் ஜாகர் மேடையோரத்தில் நின்று கவனித்த ஆட்டக்காரி, ராக்கின் ராணி என்று பட்டம் பெற்றது நாற்பதுக்குப் பிறகுதான். 1985 முதல் மூன்று ஆண்டுகள் தொடர்ச்சியாகச் சிறந்த ராக் பாடகிக்கான கிராமி அவருக்குப் போனது. 1988 ஜனவரியில் ரியோவின் மரக்கானா மைதானத்தில் ஏறத்தாழ 1,80,000 பேர் டிக்கெட் வாங்கி வந்தார்கள். அப்படியும் ராக் அண்ட் ரோல் புகழ் மண்டபத்தில் 1991-இல் ஐக்கோடு ஜோடியாகத்தான் சேர்த்தார்கள். தனிக் கலைஞராக அங்கே நுழைய அவர் 2021 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கணவனின் கொடுமை பற்றிய கதையில் ஒரு கெட்டவன் போதும். முப்பது வருடம் தாமதித்த ஒரு துறையின் கதையைச் சொல்ல வேண்டுமானால் பலரைக் கூண்டில் ஏற்ற வேண்டியிருக்கும். சினிமா எளிதானதைத் தேர்ந்தெடுத்தது.

ஐக் விஷயத்திலும் இந்த வழக்கம் ஒரு தவறு செய்கிறது. அவரைக் காப்பாற்ற யாரும் மெனக்கெட வேண்டாம். 1999-இல் வெளிவந்த அவருடைய சொந்தப் புத்தகமே, அடித்ததை ஒப்புக்கொண்டு அதைச் சின்ன விஷயமாக்கப் பார்க்கும் அவர் மனதைக் காட்டிக்கொடுக்கிறது. ஆனால் 1951-இல் மெம்பிஸில் பதிவான ‘ராக்கெட் 88’, ராக் அண்ட் ரோலின் தொடக்கங்களில் ஒன்றாக எண்ணப்படும் பதிவு, அவர் குழுவினுடையது. பாடகர் ஜாக்கி பிரென்ஸ்டன் பெயரில் வெளியாகி, ஐக் பெயர் விடுபட்டுப்போனது. அவர் வெறும் அரக்கனாக மட்டும் நிறுத்தப்படும்போது, டீனா எந்த இசைப்பட்டறையில் தயாரானார் என்ற கேள்வியே எழாமல் போகிறது. மெதுவாகத் தொடங்கி, பிறகு பேயாட்டமாக மாறும் 1971-இன் ‘பிரவுட் மேரி’யில் இருவர் உழைப்பும் பிரிக்க முடியாமல் கலந்திருக்கிறது. கொடுமைக்காரன் நல்ல இசைக்காரனாகவும் இருந்தான் என்பதுதான் டீனா பதினாறு வருடம் அங்கே இருந்ததற்கான விடையில் ஒரு பாதி.

குடும்பம் என்று வரும்போது இந்தச் சொல்முறை மிகவும் திணறுகிறது. மூத்த மகன் கிரெய்க் பிறந்தது 1958-இல். அவன் அப்பா ஐக் குழுவின் சாக்ஸஃபோன்காரர் ரேமண்ட் ஹில். 1960-இல் ரானி. ஐக்கின் முந்தைய உறவில் பிறந்த இரண்டு பையன்களையும் டீனாவே வளர்த்தார். வருடம் முழுவதும் சுற்றுப்பயணம் போனதால் வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டது வேலைக்காரர்கள்தான். பிள்ளைகள் வீட்டில் சண்டையைப் பார்த்தே வளர்ந்தார்கள். தாய் தப்பித்தபோது அவர்கள் ஐக்கின் வீட்டில் இருந்தார்கள். பிறகுதான் அவரிடம் அனுப்பப்பட்டார்கள். 2018 ஜூலையில் கிரெய்க் 59 வயதில் தற்கொலை செய்துகொண்டார். 2022 டிசம்பரில் ரானியும் போய்விட்டார். தப்பித்து வென்ற கதையில் இதற்கு இடம் கிடையாது, ஏனென்றால் அந்தக் கதை 1984-லேயே மகிழ்ச்சியாக முடிந்துவிட்டது. ஒரு வீட்டில் நடந்த வன்முறை அம்மாவோடு மட்டும் நிற்பதில்லை என்பதும், மேடை கேட்கும் விலையில் பிள்ளைகளின் பங்கும் உண்டு என்பதும், டீனா மேல் பழி போடாமலேயே பேசக்கூடிய விஷயங்கள். ஆண் ராக் பாடகர்களிடம் யாரும் கேட்காத கேள்வி இது என்பதும் உண்மை. அவர்களிடமும் கேட்க வேண்டும்.

மறுபக்கம், எர்வின் பாக். ஜெர்மனியின் இசை நிறுவன அதிகாரி, டீனாவைவிடப் பதினாறு வயது இளையவர். 1980-களின் நடுவில் விமான நிலையத்துக்கு அவரை வரவேற்க வந்தவர், முப்பது வருடத்துக்கு மேல் கூட இருந்தார். 2013-இல் கல்யாணம். அதே ஆண்டில் டீனா சுவிஸ் குடியுரிமை பெற்று அமெரிக்கக் குடியுரிமையைத் துறந்தார். பிறகு பக்கவாதம், குடல் புற்றுநோய், செயலிழந்த சிறுநீரகங்கள். மருத்துவ உதவியோடு உயிரை விட உதவும் அமைப்பில் உறுப்பினராகச் சேர்ந்திருந்தவருக்கு 2017 ஏப்ரலில் பாக் தன் சிறுநீரகம் ஒன்றைக் கொடுத்தார். 2018-இல் வந்த ‘மை லவ் ஸ்டோரி’ இதையெல்லாம் விரிவாகச் சொல்கிறது. முதல் புத்தகத்தைவிட மென்மையான, அதே சமயம் கொஞ்சம் மெருகு பூசிய புத்தகம். பிற குரல்களுக்கு அதில் இடமில்லை. ஆனால் நோயைப் பற்றிய பக்கங்களில் எந்த மெருகும் இல்லை. ரத்த அழுத்தத்தை அலட்சியம் செய்ததையும், மாத்திரையை நிறுத்தி மாற்று மருத்துவத்துக்குப் போய்ச் சிறுநீரகத்தைக் கெடுத்துக்கொண்டதையும் அவரே வெளிப்படையாக எழுதினார். தன் தப்பித்தலைச் சொன்னபோது இருந்த அதே நேர்மை.

மேடை, படம், புத்தகம் ஆகிய அத்தனை வடிவங்களிலும் 2021-இன் ஆவணப்படம்தான் இந்தச் சிக்கலை உணர்ந்து எடுக்கப்பட்டது. டேன் லிண்ட்சே, டி.ஜே. மார்ட்டின் இருவரும் 1981 பேட்டியின் ஒலிநாடாவையே தேடிப் பிடித்து ஒலிக்கவிட்டார்கள். திரும்பத் திரும்ப அதே கேள்வியைக் கேட்ட தொலைக்காட்சிக்காரர்களை அடுக்கிக் காட்டினார்கள். அதுவரை யாரும் செய்யாத நல்ல காரியம். ஆனாலும் படத்தின் பெரும்பகுதி அதே பழைய சாலையில்தான் ஓடுகிறது, காரணம் அந்தச் சாலையில்தான் நாடகம் இருக்கிறது. ஊடகம் அவரை அந்த இரவிலேயே நிறுத்திவைத்தது என்று குறைகூறும் படமும் அந்த இரவுக்கு மறுபடி நம்மை அழைத்துப்போகிறது.

அடுத்து எழுதுபவருக்குப் பொருள் இன்னும் நிறைய மீதி இருக்கிறது. டீனாவோடு வரிசையில் நின்று ஆடிப் பாடிய ‘ஐக்கெட்ஸ்’ பெண்கள் சிலர் தங்கள் பெயரில் வாழ்ந்து காட்டியவர்கள். 1966 சுற்றுப்பயணத்துக்குப் பிறகு லண்டனிலேயே தங்கிப் பாடகியாகப் பேர்வாங்கிய பி.பி. ஆர்னால்டு, செயின்ட் லூயிஸில் சாப்பாட்டுக் கடை நடத்திப் புகழ்பெற்ற ராபி மாண்ட்கோமரி, கிளாடியா லெனியர் போன்றவர்கள். இவர்களைத் தேடிப்போனவர்களில் பெரும்பாலோர் ஐக் எப்படி அடித்தார் என்றே கேட்டார்கள். அந்தக் குழுவின் ஆட்டத்தை வடிவமைத்தவர் டீனா. உயர்குதிகால் செருப்பில் அந்த வேகத்தில் ஆடிக்கொண்டே மூச்சு முறியாமல் பாட எப்படிப் பழக்கினார், எந்த அடியில் எல்லோரும் ஒன்றாகத் திரும்ப வேண்டும் என்று எப்படி எண்ணிக் கொடுத்தார், யாராவது பிசகினால் ஒத்திகையில் என்ன சொல்வார், தினமும் பாடும் தொண்டையை எப்படிப் பார்த்துக்கொண்டார் என்ற கேள்விகளுக்கு அவர்களிடம் பதில் இருக்கிறது. 2009-இல் ஷெஃபீல்டில் கடைசிக் கச்சேரி பாடும்போது டீனாவுக்கு 69 வயது. அப்போதும் அதே செருப்பில்தான் ஆடினார்.